கேளுங்கள், சேர்ந்து கேட்போம்: பத்தொன்பது வருடம் கழித்துக் கூடிய ஸ்லோடைவ்

போன இதழில் மாரி மழையைப் பற்றி எழுதும்போது, இடையில் ஒரு வரியில் ஸ்லோடைவ் என்ற ஆங்கில இசைக்குழுவின் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். வீட்டுத்தோட்டம், சமையல் என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆட்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் அவர்களுக்கே கொடுக்கிறேன்.

கேள்வி: அக்கா, போனில் ஒரு சின்ன வீடியோவுக்குப் பின்னால் “வென் த சன் ஹிட்ஸ்” என்ற பாட்டுப் போனது. இப்போதைய பெடியள் யாரோ செய்தது என்று நினைத்துத் தேடிப் பார்த்தால் 1993 என்று வருகிறது. அது அம்மா பள்ளிக்கூடம் போன காலம்! இவர்கள் யார்? (உயர்தர மாணவி, கொக்குவில்)

பதில்: ஆமாம் தங்கச்சி, அம்மா காலத்துப் பாட்டுத்தான். ஆனால் அதைப் பாடியவர்கள் இப்போதும் மேடையில் நின்று அதையே பாடுகிறார்கள், முன்னால் நின்று கேட்பவர்களில் கனபேர் உங்கள் வயதுப் பிள்ளைகள்.

ரீடிங் என்று லண்டனுக்கு மேற்கே ஒரு ஊர், ரயிலில் ஏறினால் ஏறக்குறைய அரை மணித்தியாலம். அங்கே 1989இல் தொடங்கியது இந்தக் குழு. நீல் ஹால்ஸ்டெட், றேச்சல் கோஸ்வெல் என்ற இரண்டு பேர், சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள், இரண்டு பேருமே கிற்றார் வாசிப்பார்கள், இரண்டு பேருமே பாடுவார்கள். பேஸ் கிற்றாருக்கு நிக் சாப்ளின். மூன்றாவது கிற்றாருக்கு ஒரு பெண் வேண்டும் என்று விளம்பரம் போட்டார்களாம். கிறிஸ்டியன் சாவில் என்ற இளைஞர், தேவை என்றால் கவுன் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று பதில் எழுதினார், அவரையே சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்த இடத்தில் அவர்தான் வாசிக்கிறார். ட்ரம்ஸில் மட்டும் ஆட்கள் மாறி மாறி வந்து கடைசியில் சைமன் ஸ்காட் நிலைத்தார்.

கிரியேஷன் என்ற இசைத்தட்டுக் கம்பனி இவர்களை எடுத்துக்கொண்டபோது நீலுக்கும் றேச்சலுக்கும் பத்தொன்பது, இருபது வயது. 1990 கடைசியில் முதல் சிறு இசைத்தட்டு, 1991இல் “ஜஸ்ட் ஃபோர் எ டே” என்ற முதல் அல்பம். அது பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 32ஆம் இடம் வரை போனது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம்.

கேள்வி: இவர்களின் இசைக்கு “ஷூகேஸ்” என்று பெயராம். சப்பாத்தைப் பார்ப்பது என்று அர்த்தம் வருகிறது. சப்பாத்துக்கும் பாட்டுக்கும் என்ன தொடுப்பு? (மானிப்பாய் வாசகர்)

பதில்: சப்பாத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துப் பத்திரிகைக்காரர்கள் நையாண்டியாக வைத்த பெயர் அது. உண்மையில் அவர்கள் பார்த்தது காலடியில் வரிசையாக வைத்திருக்கும் சின்னச் சின்னப் பெட்டிகளை. கிற்றாரிலிருந்து வரும் ஒலி நேரே ஸ்பீக்கருக்குப் போகாமல் அந்தப் பெட்டிகளுக்குள்ளால் போகும். காலால் மிதித்து ஒன்றை ஏற்றவும் ஒன்றை நிறுத்தவும் வேண்டும். அதனால் கண் எப்போதும் கீழேதான்.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள உங்கள் வளவுக் கிணற்றடிக்குப் போங்கள். கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து உங்கள் பெயரைக் கூப்பிடுங்கள். குரல் கீழே போய், சுவரெல்லாம் தட்டி, கொஞ்சம் பெருத்து, கொஞ்சம் குளிர்ந்து திரும்பி வரும். அது வந்து அடங்குவதற்கு முன்னமே அடுத்த தரம் கூப்பிடுங்கள், அதற்கு மேல் இன்னொரு தரம். இப்போது நீங்கள் எங்கே நிறுத்தினீர்கள், கிணறு எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல ஏலாது. இதைத்தான் மூன்று கிற்றார் சேர்ந்து செய்கிறது. யமஹா கம்பனியின் எஃப்எக்ஸ் 500 என்ற ஒரு பெட்டியை ஸ்லோடைவ் பாவித்தார்கள் என்பதற்காகவே முப்பது வருடம் கழித்தும் பழைய சாமான் விற்கிறவர்களிடம் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, குரலை அவர்கள் முன்னுக்குத் தள்ளுவதில்லை. நீலும் றேச்சலும் பாடுவது கிற்றாரோடு கிற்றாராகக் கரைந்து கிடக்கும். நம் பாட்டுகளில் பாடகரின் குரல்தான் முன்னால் நிற்கும், வாத்தியம் பின்னால். அந்தப் பழக்கத்தோடு முதல் தரம் கேட்டால் “ஏன் சொல்லே விளங்கவில்லை” என்று தோன்றும். இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டுத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: நானும் கேட்டுப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் போர் இல்லை, இடப்பெயர்வு இல்லை, கரண்ட் வெட்டு இல்லை, அந்தப் பிள்ளைகளுக்கு அப்படி என்ன கவலை, இவ்வளவு சோகமாகப் பாட? (ஓய்வு பெற்ற ஆசிரியை, வட்டுக்கோட்டை)

பதில்: ரீச்சர், இந்தக் கேள்வியை நானும் என்னிடம் கேட்டிருக்கிறேன். முதலில் அவர்கள் கதையைச் சொல்கிறேன், பிறகு என் கதை.

முதல் அல்பம் முடிந்து இரண்டாவது எழுதும் காலத்தில் நீலும் றேச்சலும் காதலர்களாக இருந்து பிரிந்துவிட்டார்கள். குழு பிரியவில்லை. அதாவது முதல் நாள் வரை தன்னோடு இருந்தவள் அடுத்த நாள் ஒத்திகையில் பக்கத்து ஒலிவாங்கியில் நின்று, தன்னைப் பற்றியே அவன் எழுதிய பாட்டைச் சேர்ந்து பாட வேண்டும். நீல் வேல்ஸில் ஒரு சின்ன வீட்டில் தனியாகப் போயிருந்து எழுதினார். அந்த அல்பத்தின் கடைசிப் பாட்டு “டாகர்”. முன்னால் அத்தனை பாட்டிலும் அலை அலையாக வந்த கிற்றார் எல்லாம் விலகிவிடும், ஒரு கிற்றாரும் குரலும் மட்டும் கிட்டத்தில் வந்து நிற்கும். அதைக் கேட்டால் அவருக்கு என்ன கவலை என்று யாரும் சொல்லத் தேவையில்லை. “சூவ்லாக்கி” என்று அந்த அல்பத்துக்குப் பெயர், 1993. பிரையன் ஈனோ என்ற பெரிய இசைக்கலைஞரிடம் தயாரித்துத் தரும்படி கேட்டார்கள். அவர் தயாரிக்க மாட்டேன், சேர்ந்து வாசிக்கிறேன் என்று வந்தார், இரண்டு பாட்டில் அவர் கை இருக்கிறது.

சரி, என் கதை. 1993இல் எனக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாணத்தில் கரண்ட் போய் மூன்று வருடம், பற்றறிக்குத் தடை. அண்ணாவிடம் ஒரு கசெற் பிளேயர் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீற் நிலத்திலும் சில்லு மேலேயுமாக வைத்து, டைனமோவிலிருந்து இரண்டு வயர் இழுத்துப் பிளேயருக்குக் கொடுப்பான். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. ஒரே வேகத்தில் சுற்றினால் இளையராஜா பாட்டு வடிவாகப் போகும். கை உழைந்து வேகம் குறைந்தால் பாட்டும் இழுபடும், பாடகியின் குரல் தடித்து, தாழ்ந்து, ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு குரலாகி, வயலின் எல்லாம் சேர்ந்து ஏதோ பெரிய மிருகம் அழுவது போல வரும். “சுத்தடி, சுத்தடி” என்று அண்ணா கத்துவான். எனக்கோ அந்த இழுபடுகிற இடம்தான் பிடிக்கும். கல்யாணப் பாட்டுக்கூட அந்த இடத்தில் அழுதது. சில நாட்களில் வேண்டுமென்றே கையைத் தளர்த்துவேன்.

பத்து வருடம் கழித்து, பாதை திறந்திருந்த காலத்தில், லண்டனிலிருந்து வந்த மச்சாள் ஒருத்தி காதில் மாட்டிவிட்ட பாட்டு “அலிசன்”. முதல் கிற்றார் ஒலி வந்ததுமே எனக்கு ஞாபகம் வந்தது அந்தச் சைக்கிள் சில்லுத்தான். ஆங்கிலம் பாதி விளங்கவில்லை. சோகம் சொல்லில் இல்லை ரீச்சர், ஒலி வளைகிற விதத்தில் இருக்கிறது. கோயிலில் நடுச்சாமத்தில் நாதஸ்வரக்காரர் முகாரியைத் தொடுகிறார், அதில் என்ன சொல் இருக்கிறது? வெளிவீதியில் கச்சான் கொறித்துக்கொண்டு இருந்தவர்கள் கூடக் கையை நிறுத்திவிடுகிறார்களே.

அவர்களுடைய கவலையை நம்முடைய கவலையோடு தராசில் வைத்து நிறுக்க எனக்கு மனம் வரவில்லை. இருபது வயதில் ஒருத்தியை இழந்த பெடியனின் கவலை, அது அவனுக்கு முழுக் கவலைதான்.

கேள்வி: இவ்வளவு நல்ல குழு ஏன் கலைந்தது? அடிபட்டார்களா? (நெல்லியடி வாசகர்)

பதில்: தங்களுக்குள் அடிபடவில்லை. வெளியில் இருந்து அடி விழுந்தது. எனக்கு இப்போதும் இதை எழுதும்போது கோபம் வரும், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன்.

1990, 91இல் இவர்களைத் தூக்கிவைத்த அதே லண்டன் இசைப் பத்திரிகைகள் இரண்டு வருடத்துக்குள் திரும்பிவிட்டன. அமெரிக்காவிலிருந்து நிர்வாணா என்ற குழு வந்தது, முரட்டுக் குரலும் கோபமும்தான் நேர்மை என்றானது. பிறகு இங்கிலாந்திலேயே பிரிட்பாப் என்று புது அலை. சத்தம் போடாமல், யாரோடும் சண்டை பிடிக்காமல், மேடையில் கீழே பார்த்துக்கொண்டு நின்ற நடுத்தர வீட்டுப் பிள்ளைகளை அடிப்பது எல்லோருக்கும் லேசாக இருந்தது. மெலடி மேக்கர் பத்திரிகையில் “சூவ்லாக்கி”க்கு விமர்சனம் எழுதியவர், இதைத் திரும்ப ஒரு தரம் கேட்பதை விட ஒரு தொட்டி நிறையக் கஞ்சியில் மூச்சுத்திணறி மூழ்கிப் போவேன் என்று எழுதினார். மானிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸ் குழுவின் ரிச்சி எட்வர்ட்ஸ், ஹிட்லரை வெறுப்பதிலும் கூடுதலாக ஸ்லோடைவை வெறுப்போம் என்று சொன்னார். இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளைப் பற்றி!

“சூவ்லாக்கி” விற்பனைப் பட்டியலில் 51ஆம் இடத்தோடு நின்றது. இன்றைக்கு அந்த வகை இசையின் மிகச் சிறந்த இரண்டு மூன்று அல்பங்களைச் சொல்லச் சொன்னால் கனபேர் சொல்வது அதைத்தான்.

கிரியேஷன் கம்பனிக்கு இதற்கிடையில் ஓயாசிஸ் என்ற குழு கிடைத்துவிட்டது. 1994இல் ஓயாசிஸின் முதல் அல்பம் வந்து நாடே ஆடியது. கம்பனித் தலைவர் அலன் மெகீ ஸ்லோடைவிடம் ஒரு பொப் அல்பம் கேட்டார். நீல் கொண்டுபோய்க் கொடுத்தது “பிக்மேலியன்”. ட்ரம்ஸ் குறைந்து, கிற்றார் குறைந்து, நீண்ட அமைதிகளும் திரும்பத் திரும்ப வரும் சிறு ஒலிகளுமாக ஒரு அல்பம். விற்காது என்று தெரிந்தே செய்தார் என்றுதான் நான் நம்புகிறேன். 1995 பெப்ரவரியில் அது வெளிவந்தது. ஒரு வாரத்தில் கம்பனி இவர்களைக் கைவிட்டது. சைமன் 1994இலேயே விலகியிருந்தார், நிக்கும் கிறிஸ்டியனும் கழன்றுவிட்டார்கள். அத்தோடு ஸ்லோடைவ் முடிந்தது.

அதே 1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் எழும்பி நாவற்குழிப் பாலம் தாண்டிப் போனது. டைனமோ பூட்டிய அந்தச் சைக்கிளில் அரிசிச் சாக்கும் பாயும் கட்டினோம். கசெற் எல்லாம் ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டு வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

கேள்வி: கலைந்த பிறகு அவர்கள் சோற்றுக்கு என்ன செய்தார்கள்? (சுன்னாகம் வாசகர்)

பதில்: நீலும் றேச்சலும் விடவில்லை. கடைசியாக ட்ரம்ஸ் வாசித்த இயன் மக்கட்சனோடு சேர்ந்து மொஹாவி 3 என்று வேறு குழு தொடங்கினார்கள், அதே 1995இலேயே. பெட்டிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு வெறும் கிற்றாரும் மெல்லிய குரலுமாக, அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுச் சாயலில். 2006 வரை ஐந்து அல்பம். அதுவும் நல்ல குழு, மழை விட்ட பின்னேரத்துக்குப் பொருந்தும். கிறிஸ்டியன் மொன்ஸ்டர் மூவி என்று ஒரு குழு வைத்திருந்தார், சைமன் கணினியில் ஒலிகளைக் கோத்துத் தனியாக அல்பங்கள் செய்தார், நிக் இசையை விட்டு வேறு வேலைக்குப் போனார்.

கேள்வி: பிறகு எப்படிச் சேர்ந்தார்கள்? காசுக்காகத்தான் பழைய குழுக்கள் திரும்பி வருகின்றன என்று என் மகன் சொல்கிறான். (சாவகச்சேரி வாசகி)

பதில்: மகன் சொல்வது பல குழுக்களுக்குப் பொருந்தும். இவர்களுக்குப் பொருந்தாது என்பதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது.

இவர்கள் இல்லாத காலத்தில் இவர்களைக் கேட்கிறவர்கள் பெருகினார்கள். இணையம் வந்தது, பாட்டுகள் கைமாறின. அமெரிக்க இயக்குநர் கிரெக் அராக்கி தன் படங்களில் இவர்கள் பாட்டைப் போட்டார். 2002இல் ஜெர்மனியின் மோர் மியூசிக் கம்பனி, வேறு கலைஞர்கள் ஸ்லோடைவ் பாட்டுகளைத் தங்கள் பாணியில் செய்த ஒரு தொகுப்பையே வெளியிட்டது. கஞ்சித் தொட்டி விமர்சனத்தை வாசிக்காத ஒரு தலைமுறை, பாட்டை மட்டும் கேட்டு வளர்ந்தது.

2014 ஜனவரியில் சேர்வதாக அறிவித்தார்கள், மே மாதம் பார்சிலோனாவில் ப்ரிமவேரா சவுண்ட் விழாவில் மேடை ஏறினார்கள். நீல், றேச்சல், நிக், கிறிஸ்டியன், சைமன், “சூவ்லாக்கி” செய்த அதே ஐந்து பேர். முந்திக் கழன்று போயிருந்த மூன்று பேரும் திரும்பியிருந்தார்கள். இடையில் றேச்சலுக்கு ஒரு காதுநோய் வந்து ஒரு பக்கக் கேள்வித்திறன் போயிருந்தது, அதோடுதான் அந்தப் பெரிய சத்தத்துக்கு நடுவில் நின்று பாடினார். அந்த மேடையின் காணொளியைப் பாருங்கள் அக்கா. நரைத்த தலைகள், எதிரே இருபது வயதுப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள், முந்தி அப்படிச் சிரித்ததை நான் எந்தப் பழைய காணொளியிலும் கண்டதில்லை.

காசுதான் நோக்கம் என்றால் பழைய பாட்டை ஊர் ஊராகப் பாடிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். இவர்கள் புதுப் பாட்டு எழுத உட்கார்ந்தார்கள். 2017இல், 22 வருடத்துக்குப் பிறகு, குழுவின் பெயரையே தலைப்பாக வைத்து எட்டுப் பாட்டில் ஒரு அல்பம். பிறகு 2023 செப்டெம்பரில் “எவ்ரிதிங் இஸ் அலைவ்”. எல்லாம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். 2020இல் றேச்சலின் அம்மாவும் சைமனின் அப்பாவும் காலமானார்கள், அந்த இரண்டு பேருக்கும் சமர்ப்பித்த அல்பம் அது. பிரித்தானியப் பட்டியலில் 6ஆம் இடம். இருபது வயதில் கிடைக்காத இடம், ஐம்பதை ஒட்டிய வயதில் கிடைத்தது.

மற்றக் குழுக்களும் திரும்பி வந்தன, மை பிளடி வலன்டைன் 22 வருடம் கழித்து 2013இல் புது அல்பம் போட்டது, ஒக்ஸ்போர்டின் ரைட் குழுவும் சேர்ந்தது. ஆனால் முதல் தரம் வந்ததை விட இரண்டாம் தரம் நன்றாக வாழ்ந்தது என்றால் எனக்கு ஸ்லோடைவ்தான்.

கேள்வி: எதிலிருந்து தொடங்கிக் கேட்பது? (பருத்தித்துறை வாசகர்)

பதில்: “அலிசன்”, பிறகு “வென் த சன் ஹிட்ஸ்”, பிறகு 2017 அல்பத்தில் “சுகர் ஃபோர் த பில்”. “பிக்மேலியன்” கடைசியில், இரவில், தனியே இருக்கும்போது. போன் ஸ்பீக்கரில் தயவுசெய்து கேட்க வேண்டாம், காதில் மாட்டிக் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கோயில் திருவிழாக்களுக்கு இசைக்கோஷ்டி வைத்திருந்தோம். 12 வருடத்துக்கு முந்தி ஒரு கணக்குப் பிரச்சினையில் வாய்த்தர்க்கம் வந்து கலைந்தது. கீபோர்ட் வாசித்தவர் சுவிஸிலிருந்து இந்த ஆடிக்கு வந்து நிற்கிறார். மற்றவர்கள் ஊரில்தான். திரும்பச் சேரலாமா என்று மனம் கிடந்து தவிக்கிறது. முதலில் அந்தக் கணக்கைப் பேசித் தீர்க்க வேண்டுமா? (இணுவில் வாசகர்)

பதில்: அண்ணை, நாதஸ்வரமும் தவிலும் பிறந்து வளர்ந்த இணுவிலில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். கணக்கை முதலில் எடுக்க வேண்டாம். 12 வருடத்துக்கு முந்திய கொப்பியை விரித்தால் வாசிப்பு நடக்காது, தேத்தண்ணி ஆறிப் போகும், எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். அந்தக் காசு உங்கள் பக்கம் நிற்கிறது என்றால் அது வேறு, சத்தமில்லாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

மேடையும் இப்போது பேச வேண்டாம். திருவிழாவுக்கு ஒப்புக்கொண்டுவிட்டுச் சேர்ந்தால் முதல் நாளே பயம் வந்துவிடும். யாராவது ஒருவர் வீட்டு விறாந்தையில், பின்னேரம், சனம் இல்லாத நேரம். சுவிஸ்காரருக்காக நல்ல கீபோர்ட் தேடி அலைய வேண்டாம், இருக்கிறது போதும். ஒரே ஒரு பாட்டு, நீங்கள் ஆறு பேரும் தூக்கத்திலும் வாசிக்கக்கூடிய ஒன்று. கை நடுங்கும், தாளம் விலகும், அது பரவாயில்லை, திரும்ப வாசியுங்கள்.

யாரை முதலில் கூப்பிடுவது என்று யோசிப்பீர்கள். வாய்த்தர்க்கப்பட்டவரை. போன் எடுக்க வேண்டாம், நேரே போங்கள், படலையில் நின்று கூப்பிடுங்கள், ஒத்திகைக் காலத்தில் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்களோ அந்தப் பெயர் சொல்லி. வாசித்த பிறகு என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், ஆவணி இதழில் போடுகிறேன்.